வாசகர் வழங்கும் விருது: அறிவியல் புனைகதை உலகம் நமக்குக் கற்பிப்பது



ஒரு நூல் நல்ல நூல் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இந்தக் கேள்வி தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பலகை தகுதியுடைய புலவர்க்கே இடம் தந்தது என்பது நம் தொன்மம். இறைவனே எழுதித் தந்த பாட்டாயினும் குற்றம் குற்றமே என்று நக்கீரர் வாதிட்டதாகத் திருவிளையாடற் புராணம் கூறும். பாட்டைத் தந்தவர் யார் என்று பாராமல், பாட்டைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்னும் அறம் அக்கதையில் உள்ளது. ஆனால் அங்கே தீர்ப்புச் சொன்னவர்கள் புலவர்கள். சாதாரண வாசகன் அவையின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இக்காலத்து விருதுகளை மூவகையாகப் பகுக்கலாம். அரசும் அறக்கட்டளையும் புரவலரும் வழங்குவன ஒரு வகை. எழுத்தாளர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்து வழங்குவன மற்றொரு வகை. வாசகர்கள் தாமே பணம் சேர்த்து, தாமே படித்து, தாமே தேர்ந்து வழங்குவன மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகை மிக வலுவாக வேரூன்றிய துறை அறிவியல் புனைகதையும் மிகுபுனைவும் ஆகும். அதன் வரலாற்றையும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

கடிதத்தில் பிறந்த கூட்டம்

1926ஆம் ஆண்டு ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த இதழ் அது. அதில் வாசகர் கடிதங்கள் எழுதியவரின் முகவரியுடன் அச்சாயின. இதழுக்குக் கடிதம் எழுதியவர்கள் அம்முகவரிகளைக் கொண்டு ஒருவர்க்கொருவர் எழுதலாயினர். கடிதத் தொடர்பு மன்றங்களாயிற்று. மன்றங்கள் கையெழுத்துப் படிகளையும் சிற்றிதழ்களையும் வெளியிட்டன. 1939இல் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. வந்தவர் ஏறத்தாழ 200 பேர். பல்கலைக்கழகங்கள் இக்கதைகளைப் பொருட்படுத்தாத காலம் அது. பிறர் மதிக்காததைத் தாம் மதிக்க வேண்டுமாயின், மதிப்பீட்டுப் பொறுப்பையும் தாமே ஏற்க வேண்டும் என்று அவ்வாசகர்கள் உணர்ந்தனர்.

1953இல் பிலடெல்பியா மாநாட்டில் முதன்முதலாக விருதுகள் வழங்கப்பட்டன. சிறந்த நாவலுக்கான விருதை ஆல்பிரட் பெஸ்டர் எழுதிய 'தி டெமாலிஷ்ட் மேன்' பெற்றது. பரிசுச் சின்னம் ஒரு விண்கலம். அடுத்த ஆண்டு, 1954இல், விருது வழங்கப்படவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு ஊர்த் தொண்டர்கள் மாநாட்டை நடத்தியதால், முன்னவர் தொடங்கியதைப் பின்னவர் தொடர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 1955இல் விருது மீண்டும் வழங்கப்பட்டது. நாளடைவில் அது மாநாட்டின் எழுதப்பட்ட அமைப்பு விதிகளில் இடம்பெற்றது. மக்கள் வழக்கில் 'ஹியூகோ' என வழங்கிய பெயர் 1993இல் அதிகாரப்பூர்வப் பெயராயிற்று. ஆர்வத்தால் ஒரு பணியைத் தொடங்கலாம். அது நிலைத்து நிற்க விதி வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

இவ்விருதைப் பின்பற்றியும் இதற்கு மாற்றாகவும் வேறு பல விருதுகள் எழுந்தன. அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தார் தம் உறுப்பினர் வாக்கால் வழங்கும் நெபுலா விருது 1966இல் முதன்முதல் அளிக்கப்பட்டது. ஜப்பானிய வாசகர்கள் 1970 முதல் செயுன் விருதை வழங்கி வருகின்றனர். ஆங்கிலத்தில் எழுந்த ஒரு வழக்கம் பிற மொழி வாசகர்க்கும் உரியதாக முடியும் என்பதற்கு ஜப்பான் சான்று.

வாக்கும் விதியும்

ஹியூகோ விருதின் முறையை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். மாநாட்டுக்கு உறுப்பினர் கட்டணம் செலுத்திய எவரும் வாக்களிக்கலாம். நேரில் வர இயலாதவர்க்கும் அதற்கு வழி உண்டு. முதற்கட்டத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்து படைப்புகள் வரை முன்மொழியலாம். அவ்வாறு முன்மொழியப்பட்டவற்றுள் மேல்நிலை பெற்றவை இறுதிப் பட்டியலாகும். இரண்டாம் கட்டத்தில் அப்பட்டியலை விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என எண்ணிட்டு வாக்களிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளியில் 100 மாணவர் மூன்று நூல்களுக்கு வாக்களிப்பதாகக் கொள்வோம். முதல் நூலுக்கு 40, இரண்டாம் நூலுக்கு 35, மூன்றாம் நூலுக்கு 25 முதல் விருப்பங்கள் கிடைக்கின்றன. எந்த நூலும் பாதியைத் தாண்டவில்லை. எனவே கடைசி நூலை விலக்கி, அந்த 25 சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் எது எனப் பார்க்கின்றனர். அவற்றுள் 20 இரண்டாம் நூலுக்கும் 5 முதல் நூலுக்கும் சென்றால், இரண்டாம் நூல் 55 பெற்று வெல்லும். சிலர் மிக விரும்பிய நூலைவிடப் பலர் ஏற்றுக்கொள்ளும் நூலுக்கு இம்முறை இடந்தருகிறது.

வாக்குச்சீட்டில் இன்னொரு வரியும் உண்டு: 'விருதில்லை' என்பது அது. இறுதிப் பட்டியலில் எந்தப் படைப்பும் தகுதி பெறவில்லை எனக் கருதுபவர் அதற்கே முதலிடம் தரலாம். பரிசு எப்படியேனும் யாருக்கேனும் போக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நக்கீரரின் அறம் இங்கே வாக்குச்சீட்டில் ஒரு வரியாக நிற்கிறது எனலாம்.

அந்த வரி 2015இல் பெரும் சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு சில குழுவினர் ஒரே பட்டியலைத் தம் ஆதரவாளர்களுக்குத் தந்து முன்மொழியச் செய்தனர். ஏனைய வாசகரின் முன்மொழிவுகள் நூற்றுக்கணக்கான படைப்புகளில் சிதறியிருந்தமையால், திரண்டு நின்ற சிறு கூட்டம் இறுதிப் பட்டியலின் பெரும்பகுதியைக் கைப்பற்றியது. செய்தி பரவியதும் வாசகர்கள் பெருந்திரளாக வாக்களித்தனர். 5,950 வாக்குச்சீட்டுகள் வந்தன. ஐந்து பிரிவுகளில் 'விருதில்லை' வென்றது. அதே ஆண்டில் சீன எழுத்தாளர் லியூ சிக்சினின் நாவல், கென் லியூவின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழி, சிறந்த நாவலாகத் தேர்வு பெற்றது. மொழிபெயர்ப்பு நூலொன்று அப்பிரிவில் வென்றது அதுவே முதல்முறை.

அதன்பின் வாசகர்கள் விதியைத் திருத்தினர். முன்மொழிபவர் ஒருவர்க்கு ஒரு மதிப்பெண். அவர் பல படைப்புகளைக் குறித்தால் அது அவற்றுக்குள் பகுக்கப்படும் என்பது 2017இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் சாரம். கூட்டாகப் பட்டியலிடுவோர் எல்லா இடங்களையும் நிரப்பிவிடாமல் அது காத்தது. 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து என். கே. ஜெமிசின் சிறந்த நாவலுக்கான விருதைப் பெற்றார். அப்பிரிவில் வென்ற முதல் கறுப்பின எழுத்தாளர் அவர்.

2023இல் சீனாவின் செங்டு நகரில் மாநாடு நடந்தது. ஆர். எஃப். குவாங் எழுதிய 'பேபல்' உள்ளிட்ட சில படைப்புகள், போதிய முன்மொழிவுகள் பெற்றிருந்தும், தக்க காரணம் கூறப்படாமல் தகுதியற்றவை என ஒதுக்கப்பட்டன. 2024இன் தொடக்கத்தில் புள்ளிவிவரம் வெளியானபோதுதான் இது தெரியவந்தது. நம்பிக்கை பெரிதும் குலைந்தது. அதே 2024இல் கிளாஸ்கோ மாநாட்டினர், ஐயத்துக்குரிய 377 வாக்குகளை நீக்கியபோது, எத்தனை, எதனால் என்பதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்தனர். இரண்டிலும் நீக்கம் நடந்தது. ஒன்று அவநம்பிக்கையையும் மற்றொன்று நம்பிக்கையையும் வளர்த்தது. கணக்கைத் திறந்து வைத்ததே வேறுபாடு.

இந்நெடுங்கதையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. மலேசிய எழுத்தாளர் ஜென் சோ 2019இல் குறுநெடுங்கதைப் பிரிவில் ஹியூகோ விருது பெற்றார். வானேறிப் பறக்கும் நாகமாக மாற முயலும் இமுகி என்னும் கொரியத் தொன்மப் பாம்பே அக்கதையின் நாயகம். கீழைத் தொன்மத்தைக் கையாண்ட மலேசியர் ஒருவரின் கதையை உலக வாசகர்கள் தேர்ந்தனர்.

நம்மிடம் உள்ளவை

வாசகரைப் பயிற்றும் முயற்சி மலேசியத் தமிழர்க்குப் புதியதா? அன்று. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசன் நாளிதழில் 'கதை வகுப்பு' நடத்தினர். அதையடுத்துத் தமிழ் முரசில் 'இரசனை வகுப்பு' நடைபெற்றது. எழுதக் கற்பித்ததோடு நில்லாமல், படித்து மதிப்பிடவும் கற்பிக்க முனைந்தமை போற்றத்தக்கது. 1970களில் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்த தமிழ் நேசன், பவுன் பரிசுத் திட்டத்தால் சிறுகதை எழுத்தாளர் பலரை ஊக்கியது. வல்லினம் இலக்கியக் குழுவினர் 2014இல் தம் முதல் விருதை, சயாம் மரண இரயில்பாதையை நாவலாக்கிய அ. ரெங்கசாமிக்கு வழங்கினர்.

தமிழகத்தில் வாசகர் விருதுக்குத் தக்க சான்று விஷ்ணுபுரம் விருதாகும். ஜெயமோகனின் வாசகர்கள், 1997இல் வெளிவந்த 'விஷ்ணுபுரம்' நாவலின் பெயரால் வட்டம் அமைத்து, தம்முள் பணம் திரட்டி, 2010இல் ஆ. மாதவனுக்கு முதல் விருதை அளித்தனர். உரிய கவனம் பெறாத மூத்த படைப்பாளிகளைப் போற்றுவது அவர்கள் நோக்கம். கோயம்புத்தூரில் நடக்கும் விழாவில் வாசகர்கள் எழுத்தாளர்களுடன் மணிக்கணக்கில் உரையாடுகின்றனர். 2017இல் அவ்விருதைப் பெற்றவர் நம் நாட்டுத் தோட்டப்புற வாழ்வை எழுதிய சீ. முத்துசாமி. கடல் கடந்த வாசகர்கள் நம் எழுத்தாளரைத் தேடி வந்து சிறப்பித்தனர்.

அறிவியல் புனைகதையைப் பொறுத்தவரை, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' போன்ற தொடர்கதைகள் பல்லாயிரம் வாசகரை ஈர்த்தன. ஆயினும் அவ்வாசகர்கள் அமைப்பாகத் திரளவில்லை. அண்மைக் காலத்தில் 'அரூ' இதழ் 2019இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது நல்ல தொடக்கம். போட்டி புதிய கதையை எழுதத் தூண்டும். வாசகர் விருதோ, வெளிவந்த நூலைப் படிக்கத் தூண்டும். நமக்கு இரண்டும் தேவை; இரண்டாவது மிகக் குறைவாக உள்ளது.

மலாக்காவில் என்ன செய்யலாம்

1896இல் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்ட புக்கிட் லிந்தாங் இம்மாநிலத்தில்தான் உள்ளது. பால்மரக் காடுகளில் நம் முன்னோர் உழைத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதந்தோறும் செலுத்திய சிறு தொகைகள் திரண்டு தோட்டங்களை வாங்கின. இன்று அச்சங்கத்தின் சார்பில், டான்ஸ்ரீ கே. ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியம் இலக்கியப் போட்டிகளையும் நடத்தி வருகிறது. பலர் கையின் சிறு காசு பெரிய காரியம் செய்யும் என்பதை நமக்கு எவரும் வெளியிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வழியையே நூல் வாசிப்புக்கும் கொள்ளலாம் என்பதே என் வேண்டுகோள்.

இன்று தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயங்களில் அருகருகே வாழ்ந்த குடும்பங்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் மலாக்கா நகரிலும் பிரிந்து வாழ்கின்றன. படிக்கும் பிள்ளை இன்றும் உண்டு. ஆனால் தன்னைப் போலப் படிக்கும் இன்னொரு பிள்ளை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரிவதில்லை. 1926இல் முகவரிகள் செய்த பணியை இன்று ஒரு வாசகர் விருது செய்ய முடியும்.

ஆசிரியர்கள் முயன்றால் பள்ளிகள் சில இணைந்து இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு வெள்ளி தரட்டும். ஆண்டுக்கு ஐந்து தமிழ்க் கதைகள், மொழிபெயர்ப்பும் அடங்க, பட்டியலில் இடம்பெறட்டும். ஐந்தையும் படித்தவரே வாக்களிக்கட்டும். விருப்ப வரிசையும் 'விருதில்லை' என்னும் வரியும் சீட்டில் இருக்கட்டும். வாக்கு எண்ணிக்கை முழுவதும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படட்டும். விதிகள் எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு மாணவர் கையில் ஒப்படைக்கப்படட்டும். ஆசிரியர் விரும்பும் நூல் தோற்றால், ஆசிரியர் அதைப் புன்னகையோடு ஏற்கவும் வேண்டும். இல்லையேல் அது மாணவர் விருதாகாது.

கதைகளுக்குப் பஞ்சமில்லை. சுல்தான் மாமுட்டின் தூதரிடம் இயலாத ஏழு சீர்களைக் கேட்ட இளவரசி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் லேடாங் மலை, ஆசகான் பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும். முனியாண்டி கதைகளும் லயத்துப் பேய்க் கதைகளும் தாத்தா பாட்டியரிடம் இன்றும் உள்ளன. அவற்றை மிகுபுனைவாக எழுதப் பிள்ளைகள் வருவார்கள். எழுதினால் நேர்மையாகப் படித்து, துணிந்து தேர்ந்து, தேர்வுக்குக் காரணம் சொல்லும் வாசகர் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த வாசகரை உருவாக்கும் பணி உங்கள் வகுப்பறையில் தொடங்கட்டும் எனக் கேட்டு அமைகிறேன்.