கொள்ளைநோய்க் காலத்தில் உள்ளாட்சித் தேர்தல்
(சிதம்பரத்தில் நடந்த கருத்தரங்கின் தலைமை உரை)



2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய தொழிலாளர்கள் வழியே கடலூர் மாவட்டத்தில் கொரோனா பரவியபோது, இங்கே இரண்டு விதமான உள்ளாட்சிகள் இருந்தன. ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர்கள் இருந்தார்கள். சிதம்பரம், கடலூர் நகராட்சிகளிலோ 2016 அக்டோபர் முதல் தனி அலுவலர் ஆட்சி. கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது.

தொற்று கண்ட தெருவின் முனையில் தகரம் அடித்து அடைத்த பிறகு, உள்ளே இருப்பவருக்குப் பால் வேண்டும், சர்க்கரை மாத்திரை வேண்டும், குப்பை அள்ள ஆள் வேண்டும். கிராமத்தில் தலைவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். நகரத்தில் யாரிடம் கேட்பது? தூய்மைப் பணியாளர்களும் சுகாதாரத் துறையினரும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார்கள்; அதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் ஒரு தெருவுக்காக அதிகாரியிடம் வாதாட, அந்தத் தெருவே தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. நகராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டதற்கு நாம் கொடுத்த விலை இது.

அதற்காக எப்படியாவது நடத்திவிடு என்பதும் என் கட்சியல்ல. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலைக்கு நடுவே, உத்தரப் பிரதேசப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. அந்தப் பணிக்குப் போன ஆசிரியர்களும் கல்வித்துறைப் பணியாளர்களுமாக 1,600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்றது ஆசிரியர் சங்கம். அரசு முதலில் ஒப்புக்கொண்டது 3 பேரை மட்டும். பிரான்சில் 2020 மார்ச் 15 அன்று உள்ளாட்சித் தேர்தலின் முதல் சுற்று முடிந்தது. தொற்று பரவியதால் இரண்டாம் சுற்றுக்கு ஜூன் 28 வரை காத்திருக்க நேர்ந்தது.

2022 பிப்ரவரி 19 அன்று, ஒமைக்ரான் அலையின் இறுதியில், நம் நகரங்கள் வாக்களித்தன. மாநகராட்சியான கடலூருக்கு அதுவே முதல் தேர்தல். தொற்றுள்ளவர்களுக்கு மாலை 5 முதல் 6 மணி வரை தனி நேரம் ஒதுக்கினார்கள். காய்ச்சலில் கிடப்பவர் கவச உடை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்து வாக்களிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கேரளம் 2020 டிசம்பரிலேயே வேறு வழி கண்டது. நோயாளிகளும் தனிமைப்படுத்தப்பட்டவர்களும் பட்டியலிடப்பட்டார்கள். அலுவலரே வாக்குச்சீட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார். நாமும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டம் உள்ளாட்சிக்கு ஐந்தாண்டுதான் தருகிறது. அதற்குள் அடுத்த தேர்தலை முடிக்கச் சொல்கிறது. ஆனாலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்த நம் மாவட்டத்தின் ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின. அப்போது எந்தக் கொள்ளைநோயும் இல்லை.

ஆகவே, ஆய்வாளர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்த அளவு தொற்று இருந்தால் தேர்தலை ஒத்திவைக்கலாம், எத்தனை வாரம், யார் முடிவு செய்வது, நோயாளியின் வாக்கை எப்படிப் பெறுவது, பணியில் இறப்பவர் குடும்பத்துக்கு என்ன பொறுப்பு என்பவற்றை வரைவு விதிகளாக எழுதுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு அவற்றை அனுப்பி வைப்போம்.