ஸ்கேன் அறைக் கடிகாரத்துக்கு அப்பால்



புற்றுநோய்க்கான முழு உடல் ஸ்கேனை விரைவுபடுத்தும் முறைகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அமர்வுகள் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: வேகத்தை எங்கிருந்து எதுவரை அளக்கிறோம்?

மேசையில் படுத்திருக்கும் நேரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதுகெலும்பில் புற்று பரவியவருக்கு மல்லாந்து அசையாமல் கிடப்பது எத்தகைய வேதனை என்று இங்குள்ள டெக்னீஷியன்கள் நன்கு அறிவார்கள். அதனால்தான் 2004-இல் ஜப்பானின் தகஹாராவும் குழுவினரும் வெளியிட்ட முறையைப் பெரிதாக மதிக்கிறேன். நீர் மூலக்கூறுகளின் நுண்ணசைவைப் படம்பிடிக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.க்கு, வயிற்றிலும் மார்பிலும் மூச்சைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. அவர்களோ நோயாளியை இயல்பாக மூச்சுவிட விட்டார்கள். திரும்பத் திரும்ப எடுத்த சமிக்ஞைகளைச் சராசரியாக்கினார்கள். கொழுப்பின் சமிக்ஞையை அடக்கினார்கள். செல்கள் நெருங்கிக் கிடக்கும் கட்டிகள் பளிச்சென்று துலங்கின. கதிர்வீச்சு இல்லாமலே உடல் முழுவதையும் தேடும் வழி திறந்தது.

உடலில் செலுத்திய கதிரியக்க மருந்திலிருந்து கிளம்பும் கதிர்களைக் கொண்டு படமெடுக்கும் பெட் ஸ்கேனில் பாய்ச்சல் இன்னும் பெரிது. வழக்கமான கருவியின் உணர்விகள் ஒரு நேரத்தில் சுமார் 20 முதல் 25 செ.மீ. நீளத்தையே பார்க்கும். உடலின் மற்றப் பகுதிகளிலிருந்து கிளம்பும் கதிர்களில் பெரும்பாலானவை வீணாகிவிடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சைமன் செர்ரியும் ராம்சி படாவியும் முன்னின்று உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர், 194 செ.மீ. நீளத்துக்கு உணர்விகளை அடுக்கியது. 2018-இல் மனித உடலின் முதல் படங்கள் வந்தன. அதில் கிடைக்கும் கூடுதல் உணர்திறனை நேரத்தைக் குறைக்கச் செலவிடலாம். செலுத்தும் கதிரியக்க மருந்தைக் குறைக்கவும் செலவிடலாம். குழந்தைகள் என்றால் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் ஊசி போட்டபின் மருந்து உடலில் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டுமே! கருவி எவ்வளவு விரைந்தாலும் அது குறைவதில்லை. ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்து, அறிக்கை நாள்கணக்கில் கிடந்தால் நோயாளிக்கு என்ன பயன்?

ஸ்கேன் நேரத்தை மட்டுமல்ல, நோயாளி கடக்கும் முழுப் பாதையையும் அளக்க வேண்டும் என்பதை இங்கிலாந்தின் ஸ்ட்ரீம்லைன் ஆய்வுகள் 2019-இல் தெளிவாகக் காட்டின. பலவகைப் பரிசோதனைகளுக்கு அலைவதற்குப் பதிலாக முழு உடல் எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுத்தபோது, நோயின் கட்டத்தை அறிய ஆகும் காலம் பெருங்குடல் புற்றில் 13 நாளிலிருந்து 8 நாளாகவும், நுரையீரல் புற்றில் 19-இலிருந்து 13 ஆகவும் குறைந்தது. செலவும் குறைந்தது, பரவிய நோயைக் கண்டறியும் திறனில் கணிசமான வேறுபாடு இல்லை. இத்தனைக்கும் அந்த ஸ்கேன் நெடுநேரம் எடுக்கும் பரிசோதனைதான். அலைச்சல் குறைந்ததே அங்கே வேகம். வெளியூரிலிருந்து கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும் நமக்கு இந்த முடிவு மிக முக்கியமானது.

எனவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முறை எத்தனை நிமிடம் மிச்சப்படுத்தியது என்று சொல்லும்போது, மருத்துவர் பரிந்துரைத்த நாள், ஸ்கேன் எடுத்த நாள், அறிக்கை வந்த நாள், சிகிச்சை முடிவான நாள் ஆகிய நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த விவரம் திரட்டப்படவில்லை என்றால், அடுத்த ஆய்வில் திரட்டுவதற்கான திட்டத்தையாவது விவாதத்தில் முன்வையுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.