மழைக்கால மாலை: நாலரை முதல் ஆறரை வரை

(கார்த்திகை மாத உறுப்பினர் கூட்டத்தில், பி பிளாக் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் பலர் கேட்டதால் இங்கே தருகிறோம்.)

செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். லிஃப்ட் பராமரிப்பு, சம்ப் சுத்தம் எல்லாம் பேசி நீங்கள் களைத்துப் போயிருப்பீர்கள். பின்னால் பொரி உருண்டை வேறு காத்திருக்கிறது. நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை, தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டு குழந்தைகள். பையன் ஒன்றாம் வகுப்பு. பெண்ணுக்குப் போன மாதம்தான் இரண்டு வயது முடிந்தது. சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஐப்பசி, கார்த்திகை எப்படிப் போகும் என்று பெரியவர்கள் சிலருக்கு மறந்திருக்கும். காலை ஐந்தரைக்கு எழுந்தால் நான் வானத்தைப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறேன். ஆட்சியர் விடுமுறை விட்டாரா இல்லையா? விட்டால் பையனுக்குக் கொண்டாட்டம், எனக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளிக்குத்தான் லீவு, என் அலுவலகத்துக்கு இல்லையே. லீவு விட்ட அன்று பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், அது வேறு கதை.

துணி காயாது. மூன்று நாள் கொடியில் கிடந்தும் யூனிஃபார்ம் சில்லென்று இருக்கும், இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தித்தான் காயவைக்கிறோம். பெரியவனுக்குச் சளி விட்டால் சின்னவளுக்குப் பிடிக்கும், அவளுக்கு விட்டால் என் கணவருக்கு. இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம், மூக்கொழுகல் நின்ற பிறகும் இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குப் பாதி பயம் போனது. மீதிப் பாதி என் மாமியாரோடு. தலைக்குக் குளிப்பாட்டினால் சாம்பிராணி போட்டே ஆகவேண்டும் அவருக்கு. சின்னவளுக்கு இழுப்பு வருவதால் வீட்டில் எந்தப் புகையும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தைக்கு மனசு கஷ்டம். இப்போது துண்டால் நன்றாகத் துவட்டி, மடியில் உட்காரவைத்து விசிறியால் வீசிக் காயவைக்கிறார். சாம்பிராணி சாமி அறைக்கு மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு, "யார் வீட்டிலாவது இருமல் சிரப் இருக்கிறதா?" என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். இனி வேண்டாம். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்ததை எல்லோரும் படித்தோம். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாக வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதற்குக் கீழே தேனும் கூடாது. வேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

சரி, நான் பேச வந்தது மாலை நேரத்தைப் பற்றி.

பள்ளி வேன் மூன்று ஐம்பதுக்கு வரும். ஜூலை மாதமென்றால் ஆறே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் கீழே ஓடி ஆடி, அவர்களாகவே களைத்து வீடு வருவார்கள். நவம்பர் கடைசியில் நம் சென்னையில் ஐந்து நாற்பதுக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் அங்கேயே போய்விட்டது. மிச்சமிருப்பதை மழை எடுத்துக்கொள்ளும். மழை விட்டால் சறுக்கு மரம் ஈரம், புல்தரையில் தண்ணீர், கொசு. பார்க்கிங்கில் விளையாடக் கூடாது என்று போர்டு இருக்கிறது. அது சரிதான், ரிவர்ஸ் எடுக்கிற காருக்கு மூன்றடிக் குழந்தை தெரியாது. காரிடாரிலும் கூடாது. மீதி என்ன இருக்கிறது? வீட்டு ஹால். பதினான்கடிக்குப் பதினொன்று. அதில் சோபா, டீப்பாய், துணி காயப்போட்ட ஸ்டாண்ட். நடுவில் ஆறு வயசுப் பையன், பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தவன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை. நான் அலுவலகக் காலில் இருந்தேன். இன்டர்காம் அடித்தது. கீழ் வீட்டு அம்மா. "ஏம்மா, கொஞ்சம் பிள்ளைகளைப் பார்த்துக்கக் கூடாதா? தலை வெடிக்குது" என்றார். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. மன்னிப்புக் கேட்டு போனை வைத்தேன். திரும்பினால் பையன் சோபாவிலிருந்து தொப்பென்று குதிக்கிறான். அடித்துவிட்டேன். முதுகில், ஓங்கி.

அவன் அழவில்லை. "மழை எப்பம்மா நிற்கும்?" என்று கேட்டான்.

இதைச் சபையில் சொல்ல வேண்டுமா என்று என் கணவர் கேட்டார். சொல்லாவிட்டால் நான் கேட்க வந்தது ஏதோ வசதிக்காகக் கேட்பது போலாகிவிடும், அதனால் சொல்கிறேன்.

அன்று ராத்திரி எனக்குக் கீழ் வீட்டு அம்மா மேல்தான் கோபம். இவர் வீட்டில் பிள்ளைகளே வளரவில்லையா என்று பொருமிக்கொண்டிருந்தேன். படுத்த பிறகுதான் 2023 டிசம்பர் நினைவுக்கு வந்தது. மிக்ஜாம் புயல். என் பெண் பிறந்து மூன்று வாரம். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, வாசலில் முழங்கால் தண்ணீர். அத்தை ஊரிலிருந்து வர முடியாமல் மாட்டிக்கொண்டார். அந்த நாட்களில் ஒரு வேளை தவறாமல் எனக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தது இதே அம்மாதான். பூண்டுக் குழம்பும் சூடான சோறும் தூக்குச் சட்டியில். டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டி வலியோடு படியேறி வருவார். அப்போது எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது, எல்லாப் பிள்ளைகளும் காரிடாரில்தான் விளையாடினார்கள். சத்தம் என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். முட்டி வலியில் ராத்திரி தூக்கமே இல்லை, மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும்தான் கொஞ்சம் கண்ணசருகிறேன் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே பையன் ஓட ஆரம்பித்தான். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேல் யாரோ அம்மிக்கல்லை உருட்டுவது போல இருக்கிறது. ஒரு கோலிக்குண்டு விழுந்து உருண்டது, எந்த மூலையில் போய் நின்றது என்றுகூடச் சொல்லலாம். மேலே எனக்கு அது சத்தமாகவே தெரிந்ததில்லை. கான்கிரீட் தளத்தில் குதிகால் பட்டால் அந்த அதிர்வு நேராகக் கீழே இறங்குகிறது, பேச்சுச் சத்தம்கூட அவ்வளவு இறங்குவதில்லை. மாடி வீட்டில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோரும் ஒரு தடவை கீழ் வீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹாலில் நுரை மேட் விரித்தோம். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டினோம். ஐந்து மணி வரை படம் வரைவது, களிமண், மாவு பிசைவது என்று ஒப்பந்தம். நான்கு நாள் நடக்கும், ஐந்தாம் நாள் உடையும். அந்த அம்மாவும் இப்போது இன்டர்காமில் திட்டுவதில்லை. "கண்ணா, பாட்டி தூங்கப் போறேன்" என்று பையனிடமே சொல்கிறார். அவன் பூனை மாதிரி நடக்கிறான், பத்து நிமிடத்துக்கு.

மேட் போட்டால் சத்தம் குறையும். ஓட வேண்டிய கால்களை மேட் என்ன செய்யும்? என் வீடு மட்டுமில்லை, இரண்டு பிளாக்கிலும் சேர்த்து எட்டு வயதுக்குள் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எண்ணிப் பார்த்தேன். மழை நாளில் இருபத்திரண்டும் டிவி முன்னால் இருக்கிறது, அல்லது உங்களில் யாரோ ஒருவர் தலைக்கு மேல் குதிக்கிறது.

நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற இந்த ஹால், வாரநாட்களில் பூட்டிக் கிடக்கிறது. பொங்கல் வரைக்கும், திங்கள் முதல் வெள்ளி வரை, நாலரை முதல் ஆறரை வரை இதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

பொருளாளர் சார் கரண்ட் பில் பற்றிக் கேட்பார் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறேன். நாலு ஃபேன், ஆறு எல்.இ.டி. டியூப்லைட், இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்கூட ஆகாது. யார் பார்த்துக்கொள்வது? ஒரு நாளைக்கு இரண்டு பெற்றோர் என்று பன்னிரண்டு பேர் இதுவரை பெயர் கொடுத்திருக்கிறோம், அதில் நாலு பேர் அப்பாக்கள். செக்யூரிட்டி அண்ணாவின் தலையில் கட்ட மாட்டோம். அடுக்கி வைத்திருக்கிற நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டிவிடுவோம், பிள்ளைகள் மேல் சரிந்தால் ஆபத்து. துணிப் பந்து மட்டும். செருப்பு வெளியே. ஆறரைக்குப் பெருக்கிவிட்டுச் சாவியை மேசையில் வைத்துவிடுவோம்.

எல்லோரையும் ஒரே அறையில் விட்டால் சளி பரவாதா என்று ஏ பிளாக் சார் நேற்றே கேட்டார். பரவும். அதனால் காய்ச்சலோ வாந்தியோ இருக்கிற பிள்ளையை அனுப்பக் கூடாது, அதில் யாரும் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்கும், கொசுவலை அடித்திருப்பதால் பயமில்லை. போகும்போது கை கழுவிவிட்டுப் போவார்கள்.

கொசு என்றதும் இன்னொன்று. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், பகலில்தான் கடிக்கும். ஹாலுக்குப் பின்னால் தார்ப்பாய் மடிப்பில் தண்ணீர் நிற்கிறது, நேற்று பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு இரண்டு பிளாக்கையும் சுற்றி, பூந்தொட்டித் தட்டு, பக்கெட், தார்ப்பாய் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம் என்று இருக்கிறோம். தண்ணீரைக் கொட்டச் சொன்னால் அவர்களைவிட ஆர்வமாக யார் செய்வார்கள்?

கீழ் வீட்டு அம்மா முட்டி வலியால் இன்று வரவில்லை. நான் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, "புதன்கிழமை புதன்கிழமை நான் வந்து உட்கார்ந்து கதை சொல்றேன், எனக்கு ஒரு சாய்வு நாற்காலி மட்டும் போட்டு வை" என்றார். அந்த நாற்காலியை மட்டும் கயிற்றில் கட்டாமல் தனியாக வைக்கலாமா என்று செயலாளர் சாரிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில், பொங்கல் விடுமுறை வரை சோதனை முறையில் ஹாலைத் திறந்து வைக்கப் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டனர். பொறுப்பேற்கும் பெற்றோரின் பெயர்ப் பட்டியல் செக்யூரிட்டி மேசையில் உள்ளது. வியாழக்கிழமைக்கு இன்னும் ஒருவர் தேவை.)