மெக்கன்சி: ஓர் எழுத்தைத் தொலைத்த பெயர்



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஸ்காட்லாந்துக்காரன் குடும்பப் பெயருக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டார். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். மெக்கன்சி என்ற பெயரைக் கடக்காமல் அங்கே ஒரு பட்டியலையும் புரட்ட முடியாது. தென்னாட்டு ஊர் வரலாற்றுக் குறிப்புகளான கைபீதுகள், வமிசாவளிகள், கல்வெட்டுப் படிகள் ஆகியவற்றைத் திரட்டியவர் காலின் மெக்கன்சி. அவருடைய பணியைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அவர் பெயரை மட்டும்தான். அதிலும் குறிப்பாக, அந்தப் பெயரின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஓர் எழுத்தை.

பெயரின் தாய்மொழி ஆங்கிலமல்ல. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும் பேசப்படும் கேலிக். அந்த மொழியில் 'மக்' என்றால் மகன். 'கொஞ்ஞாக்' என்பது ஆணின் பெயர். அழகன், வடிவானவன் என்று பொருள். ஆங்கிலத்தில் அதைக் கென்னத் என்று ஆக்கிக்கொண்டார்கள். கொஞ்ஞாக்கின் மகன் 'மக் கொஞ்ஞிக்'. மகளாக இருந்தால் 'மக்' செல்லாது. கேலிக் பேசும் வீட்டில் பிறந்த பெண் 'நிக் கொஞ்ஞிக்'. அப்பா ஒரு பெயர், மகள் ஒரு பெயர், குடும்பம் ஒன்றே.

இந்த இடத்தில் முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. மக், மகன்! அவசரப்படாதீர்கள். இந்தச் சொல்லின் பழைய வடிவம் அயர்லாந்தில் ஓகம் என்னும் பழைய எழுத்தில் பொறித்த கல்வெட்டுகளில் 'மக்கி' என்று கிடைக்கிறது. அதே சொல் வேல்ஸ் மொழியில் 'மாப்' என்று திரிந்து நிற்கிறது. வரலாற்றைத் தோண்டினால் அது நம் மகனிடமிருந்து விலகித்தான் போகிறது. ஒலி ஒத்தால் உறவு என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

ஆனால் வேறொன்றைச் சொல்லி உங்களை மகிழ்விக்க முடியும். கொஞ்ஞாக்கில் வருகிற அந்த ஒலி, நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தைத் தொட மூக்கால் வருவது, நம்முடைய ஞகரம்தான். ஆங்கில நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை. கேலிக்காரர்கள் இரண்டு 'ன்' எழுதிப் பக்கத்தில் ஓர் இகரத்தைக் காவல் வைத்து அதைக் காட்டுகிறார்கள். நமக்கு ஓர் எழுத்து போதும்.

இனிதான் கதை. ஸ்காட்லாந்தின் சமவெளியில் பேசப்பட்டது ஸ்காட்ஸ் என்னும் வேறொரு மொழி. கேலிக் பெயர்களைப் பத்திரங்களில் பதிந்த எழுத்தர்கள் அந்த மொழிக்காரர்கள். அவர்களிடம் 'யோக்' என்றோர் எழுத்து இருந்தது. பார்வைக்கு நம் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் 3 போலிருக்கும். கோட்டுக்குக் கீழே வால் தொங்கும். யகர ஒலிக்கு அது. நகரத்துக்குப் பின்னால் இந்த யோக்கைப் போட்டால் ஏறக்குறைய ஞகரம் வந்துவிடும். ஆகவே எழுத்தர் 'மக்கென்யி' என்று வாசிக்கும்படி எழுதினார். கெட்டிக்கார ஏற்பாடு.

1508இல் எடின்பரோவில் அச்சகம் வந்தது. அச்சுத் தொழில் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வந்தது. வந்த அச்செழுத்துப் பெட்டிகளில் யோக் இல்லை. அச்சுக் கோப்பவர் என்ன செய்வார்? கையெழுத்தில் யோக்கும் வாலுள்ள இசட்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் கைக்கெட்டிய அறையிலிருந்து இசட்டை எடுத்துப் போட்டார். எழுத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் பக்கத்து எழுத்தைச் செருகும் வேலையை நம் பழைய அச்சகங்களிலும் பார்த்திருக்கிறோம். அடுத்த பதிப்பில் திருத்திவிடுவார்கள். இது திருத்தப்படவில்லை.

இருந்தாலும் வாய் உடனே கையைப் பின்பற்றவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் மெக்கன்சி என்றோர் அரசு வழக்கறிஞர் இருந்தார். மதக் கொள்கைக்காக எதிர்த்து நின்றவர்களைக் கடுமையாகத் தண்டித்ததால் 'இரத்தக்கறை மெக்கன்சி' என்று பெயரெடுத்தவர். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து தேசிய நூலகமாக வளர்ந்த வழக்கறிஞர் நூலகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. எடின்பரோ கிரேஃபிரையர்ஸ் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. அதன் கதவுவரை ஓடிப்போய், 'வெளியே வாடா' என்று வம்புக்கிழுத்துவிட்டுத் திரும்பி ஓடுவது அவ்வூர்ச் சிறுவர்களின் விளையாட்டாக இருந்தது. அந்த வம்புப் பாட்டில் அவர் மெக்கன்சி அல்ல, 'மக்கிங்கி'. அச்சு ஒன்றைச் சொல்ல, தெருப் பிள்ளைகளின் வாய் பழையதைக் காப்பாற்றி வைத்திருந்தது. கடைசியில் அச்சே வென்றது. இன்று ஸ்காட்லாந்திலும் மெக்கன்சிதான். இதே விபத்தில் சிக்கிய மென்சீஸ் என்ற பெயரையோ அங்கே பலர் இன்னும் 'மிங்கிஸ்' என்கிறார்கள். டால்சீல் என்று எழுதிவிட்டு 'டீயெல்' என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. ழகரத்துக்கு ரோமன் எழுத்தில் இசட்டையும் எச்சையும் சேர்த்து வைத்தோம். வடக்கேயிருந்து வருகிற செய்தி வாசிப்பாளர், கனிமொழி என்ற பெயரை என்ன பாடுபடுத்துகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

பெயர் எப்படிப் பெருகியது? அழகன் ஒருவனுக்கு அத்தனை பிள்ளைகளா என்றால், இல்லை. மெக்கன்சிகளின் தொட்டில் மேற்குக் கரையிலுள்ள கின்டெயில். அங்கிருந்து கிழக்கே நிலம் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1610இல் லூயிஸ் தீவும் அவர்கள் கைக்கு வந்தது. தலைவன் நிலத்தில் குடியிருந்தவர்கள், அவன் பின்னால் வாளெடுத்தவர்கள் பலரும் அவன் பெயரையே தமதாக்கிக்கொண்டார்கள். மலைநாட்டில் சாமானியருக்கு நிலையான குடும்பப் பெயர் வாய்த்ததே மிகப் பிந்தி. அதுவரை நம் இனிஷியல் வழக்கம் போலத்தான்: இன்னாரின் மகன், இன்னாரின் பேரன். ஆகவே மெக்கன்சி என்ற பெயர் இரத்தத்துக்குச் சான்றாகாது. பெரும்பாலும் குடியிருந்த நிலத்துக்குத்தான் சான்று. ஒரே பெயரில் ஊர் முழுக்க ஆட்கள் இருந்தால் அஞ்சல்காரர் என்ன செய்வார்? லூயிஸில் இன்றும் அப்பா பெயர், தாத்தா பெயர், பட்டப்பெயர் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் சொல்கிறார்கள்.

பிறகு கப்பல்கள். 1773இல் 'ஹெக்டர்' என்ற கப்பல் மெக்கன்சிகளின் நாடான லாக் புரூம் கடற்கழியில் ஆளேற்றி, ஏறக்குறைய 200 பேருடன் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனது. 1789இல் லூயிஸ்காரரான அலெக்சாண்டர் மெக்கன்சி பசிபிக் கடலைத் தேடி ஒரு நதி வழியே போய், ஆர்க்டிக் கடலில் போய் நின்றார். 1,738 கிலோமீட்டர் ஓடும் அந்த நதிக்கு இன்று அவர் பெயர். கரையில் வாழும் டெனே மக்கள் அதை 'டே சோ' என்றே சொல்கிறார்கள். பெரிய ஆறு என்று பொருள். அமெரிக்காவில் நடந்ததுதான் வேடிக்கை. 1990களின் பிற்பகுதியில் அங்கே பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட முதல் நூறு பெயர்களில் மெக்கன்சியும் ஒன்று. 'அழகன் மகன்' என்று பொருள்படும் பெயரோடு ஆயிரக்கணக்கான பெண்கள்! கேலிக் கிழவி ஒருத்தி கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இன்னொரு கப்பல் நம் பக்கம் வந்தது. மெக்கன்சி குலத் தலைவரான சீஃபோர்த் பிரபு 1778இல் திரட்டிய படை, வழியில் அவரையும், ஸ்கர்வி நோய்க்குப் பல வீரர்களையும் இழந்து 1782இல் சென்னையில் கரையேறியது. அடுத்த ஆண்டு, லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் சுங்க அதிகாரியாக இருந்த காலின் மெக்கன்சி சென்னைக்கு வந்தார். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர். 1821இல் கல்கத்தாவில் மரணம். விட்டுச் சென்றவை 1,568 சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள்.

தாமஸ் ஹிக்கி 1816இல் வரைந்த அவர் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். செங்கோட்டு அணிந்த துரை நடுவில்; சுற்றிலும் மூன்று இந்தியர்; ஒருவர் கையில் ஓலைச்சுவடி, ஒருவர் கையில் தொலைநோக்கி. இந்நாட்டு மொழிகள் தமக்குத் தெரியாது என்று துரையே எழுதியிருக்கிறார். கேட்டதும் படித்ததும் காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களும் அவர்களோடு உழைத்தவர்களும்தாம். அந்தச் சுவடிகளில் பல இன்னும் அச்சேறவில்லை.

மாணவர்களே, அவற்றைப் பதிப்பிக்க வாருங்கள். பதிப்பிக்கும்போது துரையின் பெயரை மெக்கன்சி என்றே எழுதுங்கள். ஐந்நூறு ஆண்டுத் தவற்றை நாம் திருத்தப் போவதில்லை. ஆனால் ஏட்டில் உள்ள ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் உள்ளபடியே கோத்துக்கொடுங்கள். கையில் எழுத்து இருக்கிறது; பக்கத்து அறையிலிருந்து எடுக்கவேண்டிய தேவை நமக்கு இல்லை.