இல்லாத காளையின் மேல் ஒரு கை

நான் கும்பகோணம் பக்கத்தில் நுண்கலைக் கல்லூரியில் படிக்கிற மாணவி. நான்கு வருஷப் படிப்பில் இது மூன்றாவது வருஷம். "என்ன படிக்கிறே?" என்று கேட்கும் உறவுக்காரர்களிடம் "ஓவியம், சிற்பம்" என்று சொன்னால், "அது சரி, படிப்பு என்ன?" என்று திரும்பவும் கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்றைக்கு ஒரு சிலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கிற கலைக்கூடத்தில் நிற்கிறது. அதை மூன்று முறை போய்ப் பார்த்தேன். உண்மையில் முதல் முறை நான் பார்க்கவே இல்லை.

முதல் வருஷம் கல்லூரியிலிருந்து பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, பொட்டலத்தில் புளிசாதம், எல்லாம் உண்டு. உள்ளே போனதும் நான் செய்த வேலை பெயர்ப்பலகைகளைப் படித்ததுதான். பெயர், ஊர், நூற்றாண்டு. ஒன்றைப் படித்து முடித்ததும் அடுத்ததற்கு நகர்ந்துவிடுவேன். நகரும்போது சிலையின் மேல் ஒரு பார்வை விழும், அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசை மாதிரி நாங்கள் நகர்ந்துகொண்டே இருந்தோம். வந்து ரெக்கார்டு நோட்டில் "சோழர் காலச் செப்புத் திருமேனிகள் மிகவும் அழகாக இருந்தன" என்று எழுதினேன். எங்கள் சார் அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்துப் பக்கத்தில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: "எங்கே?"

அழகு எங்கே இருந்தது? கழுத்திலா, இடுப்பிலா, விரலிலா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாபகத்தில் நின்றது ஒன்றே ஒன்றுதான். பலகைகளில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்தேன். திருவெண்காடு.

எங்கள் வீடு திருவெண்காட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில். சீர்காழியிலிருந்து பூம்புகார் போகிற சாலையில் வருகிற ஊர். புதன் தலம் என்று வெளியூர்க்காரர்கள் வருவார்கள். எங்களுக்கு அது அகோரமூர்த்தி கோயில், முக்குளத்தில் குளிக்கிற கோயில். அந்த ஊரில் 1950களில் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. ரிஷபவாகனர், அவர் பக்கத்து அம்மன், பிட்சாடனர், கல்யாணசுந்தரர் எல்லாம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூருக்குப் போனார். பத்தொன்பது வயசு வரைக்கும் எனக்கு இது தெரியாது. எங்கள் ஊர்ச் சாமிகள் வெளியூரில் குடியிருக்கிறார்கள் என்பதைப் பலகை படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அப்பாயியிடம் சொன்னேன். அப்பாயிக்கு அப்போது எழுபத்தெட்டு. "நம்ம ஊர் சாமியா? என்னையக் கூட்டிக்கிட்டுப் போ" என்றது. பஸ் மாறி மாறி அழைத்துப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றப் பார்த்தது. "இது கோயில் இல்ல அப்பாயி" என்றேன். "சாமி இருக்குல்ல?" என்று ஒரு கேள்வி. பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே நடந்தது.

ரிஷபவாகனர் முன்னால் போய் நின்றோம். அப்பாயி கும்பிட்டது. கும்பிட்ட கையை இறக்காமலே என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தது: "என்னடி இது, சாமிய ஒரு துணி கட்டாம நிக்க வச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே வார்த்தை தொண்டையில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பாருங்கள். இவையெல்லாம் உற்சவர் சிலைகள். கருவறையில் கல்லாக இருப்பவர் மூலவர். வீதிக்கு வருபவர் உற்சவர். பட்டுச் சாத்தி, மாலை மேல் மாலை போட்டு, நகை பூட்டி, திருவாசி வைத்து வீதியுலா வரும்போது நமக்குத் தெரிவது முகமும், அபயம் காட்டும் ஒரு கையும்தான். மற்றதெல்லாம் பூ. ஆனால் அந்தப் பூவுக்குள்ளே ஒரு இடுப்பு இருக்கிறது. ஒரு முதுகு இருக்கிறது. ஸ்தபதி முதுகெலும்பு ஓடும் பள்ளத்தைக்கூட இழைத்து வைத்திருக்கிறார். யார் பார்க்க? அபிஷேகத்தின்போது குருக்கள் பார்ப்பார், வேறு யார்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு முதுகைச் செய்திருக்கிறார். அதை இன்றைக்கு நுழைவுச்சீட்டு வாங்கி நான் பார்க்கிறேன். அப்பாயிக்கு அது சாமியை அவமதிப்பது. எனக்கு அதுதான் பாடம். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டால், அப்பாயி பக்கம்தான் மனசு கொஞ்சம் சாய்கிறது. ஆனாலும் அந்த முதுகை நான் விடமாட்டேன்.

சுவாமிமலை எங்களுக்குப் பக்கம் என்பதால் பட்டறைகளுக்கு அடிக்கடி போவோம். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சி, அதில் உருவம் பிடிப்பார்கள். அளவுக்குத் தென்னை ஓலையை மடித்து மடித்து வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். மெழுகு உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மேலே மேலே மண் கட்டி, கம்பி சுற்றிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறின பிறகு மண் கருவை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். கரு போனால் போனதுதான். அதே சிலையை இன்னொரு தடவை வார்க்க முடியாது. நான் ஒரு தடவை மெழுகில் ஒரு கை செய்து பார்த்தேன். விரல் ஐந்தும் முருங்கைக்காய் மாதிரி வந்தது. பட்டறைப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கையை மறுபடி உருக்கும் சட்டியில் போட்டுவிட்டு, "நாளைக்கு வாம்மா" என்றார்.

அன்றைக்குத்தான் எங்கள் சாரின் "எங்கே?" என்ற கேள்விக்கு அர்த்தம் கொஞ்சம் விளங்கியது. கையால் செய்து தோற்றுப்போன பிறகுதான், ஜெயித்த கை எது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

இப்போது சிலைக்கு வருகிறேன். ரிஷபவாகனர் சுமார் மூன்றரை அடி உயரம். ராஜராஜனின் 26-ஆவது ஆட்சியாண்டில், அதாவது 1011-இல், செய்து வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அம்மன் அடுத்த வருஷம், 1012. ஒரு காலை ஊன்றி மறுகாலைக் குறுக்கே போட்டு, சாவகாசமாக நிற்கிறார். முடியைத் தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டியிருக்கிறார். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தச் சுற்றுக்குள்ளே பாம்புகள் நெளிகின்றன. ஒரு கை தொடைப்பக்கம் சும்மா கிடக்கிறது. மற்றக் கை முழங்கையில் மடங்கி, எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. எதன் மேல்? காளையின் மேல். அந்தக் காளையைக் காணோம்.

காளை இல்லை, ஆனால் கை இறங்கவில்லை. விரல்கள் தளர்ந்து தொங்குகின்றன. தாங்க ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் விரல் அப்படித் தொங்கும்.

விடுதிக்கு வந்து கண்ணாடி முன்னால் அதே மாதிரி நின்று பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் தோள் கடுத்தது. விரல் விறைத்துக்கொண்டது. பிறகு வாசலில் நின்ற சைக்கிளின் சீட்டில் முழங்கையை வைத்து நின்றேன். சட்டென்று உடம்பு மாறிவிட்டது. இடுப்பு தானாக ஒருபக்கம் ஒடிந்தது, கால் தானாகக் குறுக்கே போனது, கழுத்து இளகியது. சிலையில் நான் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த இடுப்பும் காலும் கழுத்தும் உண்மையில் ஒரே சங்கதிதான். காளைதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காணாமல் போனதை வைத்துத்தான் மீதி அத்தனையும் நிற்கிறது.

வார்டன் அம்மா அந்தப் பக்கம் வந்து, "சைக்கிளை வச்சுக்கிட்டு என்ன பண்றே?" என்றார். "ஹோம்வொர்க் மேடம்" என்றேன்.

இந்த நிலையை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டில் டிரங்குப் பெட்டியில் அப்பாவின் பழைய போட்டோ ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. தலையில் துண்டு, உழவு மாட்டின் திமில் மேல் முழங்கை, கால் குறுக்கே. அப்பா சிற்ப சாஸ்திரம் படித்தவர் இல்லை. மாட்டுப் பக்கத்தில் நிற்கிற குடியானவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்பார். அந்த ஸ்தபதி இலக்கணம் தெரிந்தவர்தான், ஆனாலும் ஒரு நாள் வரப்பில் எவரையோ நின்று பார்த்திருப்பார் என்பது என் ஊகம். இதை என் கட்டுரையில் எழுதினேன். சார் இந்த முறை சுழிக்கவில்லை. "ஆதாரம்?" என்று மட்டும் கேட்டார். அப்பாவின் போட்டோவை நகல் எடுத்து ஒட்டிக்கொடுத்தேன்.

இரண்டாம் வருஷம் சென்னைக்குப் போனோம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. அதன் செப்புத் திருமேனிக் கூடத்தில் எங்கள் ஊர் அர்த்தநாரீசுவரரைத் தேடிக்கொண்டு ஓடினேன். சிவன் பக்கம் இரண்டு கை, அம்மன் பக்கம் ஒரு கை, மொத்தம் மூன்று கை. கேட்கும்போது விபரீதமாக இருக்கிறது இல்லையா? நேரில் நின்றால் கையை எண்ணவே தோன்றாது. நான்கூடப் படம் வரைய ஆரம்பித்த பிறகுதான் எண்ணினேன்.

அங்கேதான் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான், இந்தச் சென்னை நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சானது 1921-இல். அதற்கு நாலு வருஷம் முன்னாலேயே ரோதான் இறந்துவிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வெறும் புகைப்படத்தைப் பார்த்து அவ்வளவு எழுதியிருக்கிறார் மனிதர். நானோ அசலுக்கு முன்னால் நின்றுகொண்டு பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் ஈஞ்சம்பாக்கம், சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தொடங்கியது. ஓவியர்கள் பாத்திக் துணி செய்து விற்று அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள். இந்தச் செய்தி எனக்கு ஓவியங்களைவிட அதிகம் பிடித்தது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பணிக்கரின் "சொற்களும் குறியீடுகளும்" வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றேன். வரிவரியாக எழுத்து மாதிரி இருக்கிறது, ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கிறது, படிக்க வரவில்லை. பழக்கதோஷத்தில் பத்து நிமிஷம் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். என்னைப் போலப் பலகை படிக்கிறவர்களுக்காகவே வரைந்த மாதிரி இருந்தது. அந்த ஓவியம் எனக்கு இன்னும் முழுசாக வசப்படவில்லை. வசப்பட்டதாக நடிக்கவும் விருப்பமில்லை.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் சாயங்காலம் மெரினா. உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இலிருந்து கடற்கரையில் நிற்கிறது. அவரும் அதே ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்தான். நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். சினிமாவில் நூறு தடவை பார்த்த சிலை. சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து வரைந்தபோது ஒன்று தோன்றியது. இங்கே பாறை இருக்கிறது, அதன் பாரம் நான்கு உடம்பிலும் தெரிகிறது. தஞ்சாவூரில் காளை இல்லை, அதன் பலமும் அந்த ஒரு உடம்பில் தெரிகிறது. வரைந்த தாளில் எண்ணெய் பட்டுவிட்டது. அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை போன மாசம் தனியாகப் போனேன். காலையில் உள்ளே போய் மதியம் வரை அந்த ஒரே சிலை. முன்னால் இருந்து இரண்டு படம், பக்கவாட்டில் இருந்து ஏழு. நடுவில் ஒரு குடும்பம் வந்தது. தோளில் இருந்த பொடியன், "அந்த மாமா யார் மேல கை போட்டிருக்காரு?" என்று கேட்டான். அவன் அப்பா பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதல் வருஷத்தில் தோன்றாத கேள்வி.

வீட்டுக்கு வந்து படங்களை அப்பாயியிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் பென்சிலை வாங்கிச் சிலையின் இடுப்பைச் சுற்றி ஒரு வேட்டியை வரைந்து கொடுத்தது. கோணல்மாணலாக இருந்தாலும் மடிப்பு சரியாக விழுந்திருந்தது. அதையும் மதிப்பெண்ணுக்குக் கொடுக்கலாமா என்று சாரிடம் கேட்க வேண்டும்.

நேயர்களே, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ச் சாமி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். இருந்தால் ஒரு நாள் போய் வாருங்கள். போகும்போது வீட்டில் வயசானவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவர் செருப்பைக் கழற்றினால் தடுக்காதீர்கள்.