பிரசவ அறையில் நீங்களும் ஓர் ஆள்

(வடக்குப்பட்டு தம்பதியருக்கான பேச்சு)



ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிற தம்பிகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அங்கே என்ன வழக்கம்? வேலை முடிந்ததா என்று அட்டையைப் பார்த்து டிக் போட்ட பிறகுதான் வண்டி அடுத்த ஆளிடம் நகரும். "எனக்கு இருபது வருஷ அனுபவம், அட்டை எதுக்கு?" என்று யாராவது சொன்னால் விடுவார்களா? இரும்பு வண்டிக்கே இவ்வளவு கவனம் என்றால், ஒரு தாயின் உயிருக்கு எவ்வளவு வேண்டும்!

மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களும் இப்படித்தான் யோசித்தார்கள். பிரசவத்தில் தவறாமல் செய்ய வேண்டியவற்றை உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியலாக்கியது. பெல்காம் ஜவகர்லால் நேரு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் சேர்ந்த குழு, 2010-ல் கர்நாடகத்தில் ஒரு மருத்துவமனையில் அதைச் சோதித்தது. முன்பு, வேண்டிய 29 செயல்களில் சராசரியாக 10 தான் நடந்தன. பட்டியல் வந்தபின் 25 நடந்தன. கை கழுவுவது போன்ற சின்னக் காரியமும் இதில் அடக்கம்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. பின்னர் உத்தரப் பிரதேசத்தில் பெரிய அளவில் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வெளிவந்தது. கவனிப்பு கூடியது, சாவு குறையவில்லை. ஆகவே பட்டியல் மட்டும் போதாது. மருந்து வேண்டும், ரத்தம் வேண்டும், தேர்ந்த கைகள் வேண்டும், வேளையோடு வந்து சேரவும் வேண்டும்.

அதனால்தான் 2017 டிசம்பரில் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டத்தில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் டாக்டரும் நர்சும் குழுவாக உட்கார்ந்து பிரசவ அறையைச் சீராக்குகிறார்கள். முதலில் குறையைக் கண்டுபிடிப்பது. அடுத்து காரணத்தைத் தேடுவது. பிறகு சிறிய அளவில் மாற்றிப் பார்ப்பது. பலன் தந்தால் அதை நிலைக்கச் செய்வது. யார் மேல் பழி போடலாம் என்று பார்ப்பதல்ல இந்த வேலை.

இந்தக் குழுவில் நீங்களும் உண்டு. கர்ப்பிணிக்குத் துணை ஒருவர் வேண்டும், எந்த அறிகுறி கண்டால் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பட்டியலே கூறுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதலே பிரசவத் துணைக்கு இடம் உண்டு.

நினைத்துப் பாருங்கள். கணவர் நைட் ஷிப்டில். நள்ளிரவில் வலி வருகிறது. வீட்டில் மாமியார் மட்டும். அப்போது யோசித்தால் நேரம் போய்விடும். எனவே ஏழாம் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்:

1. எந்த மருத்துவமனை, யார் துணை, எந்த வண்டி? 108 எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

2. தேவைப்பட்டால் ரத்தம் கொடுக்க யார் வருவார்?

3. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு அதிகமானால், கடுமையான தலைவலி, வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், குளிர்காய்ச்சல் கண்டால் உடனே நர்சைக் கூப்பிடுங்கள்.

4. டாக்டர் அனுப்பும்வரை வீட்டுக்கு அவசரப்படாதீங்க.

"நாம கேட்டா தப்பா நெனப்பாங்களோ?" என்று தயங்காதீங்க அம்மா. நர்சம்மா இன்னொரு கட்டிலில் இருக்கும்போது, துணி நனைவதை முதலில் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான். அந்த ஒரு குரலில் ஓர் உயிர் தப்பும்.

இன்று இரவே வீட்டில் பேசுங்கள்.