அச்செழுத்தும் ஒரு புதிய நாடும்

ஒரு நாடு விடுதலை பெறுவது ஒன்று. அந்நாட்டு மக்கள் தாம் ஒரே நாட்டினர் என்று உணர்வது மற்றொன்று. முன்னையது போர்க்களத்திலும் உடன்படிக்கையிலும் முடிந்துவிடலாம். பின்னையதற்கு நெடுங்காலம் வேண்டும். 1783ஆம் ஆண்டிலே பிரித்தானியாவோடு சமாதானம் ஏற்பட்டபோது அமெரிக்காவின் பதின்மூன்று இராச்சியங்களும் இந்த நிலையிலேதான் இருந்தன. வடக்கே மசச்சூசெற்சில் வாழ்ந்தவனுக்குத் தெற்கே ஜோர்ஜியாவில் நடப்பது எளிதில் எட்டாது. வீதிகள் கரடுமுரடானவை. தபால் குதிரையேறிச் சென்றது. சிதறிக் கிடந்த இம்மக்களை ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கச் செய்தவர்களுள் அச்சுத் தொழிலாளருக்குச் சிறப்பான ஓரிடம் உண்டு. அவர்களுள்ளும் முதல் வரிசையில் நிற்பவர், அயர்லாந்திலிருந்து தப்பியோடி வந்த மத்தேயு கேரி என்பவராவர்.

கேரி 1760ஆம் ஆண்டு டப்ளின் நகரிற் பிறந்தார். தந்தையார் உரொட்டி சுடும் தொழிலில் முன்னேறியவர். குழந்தைப் பருவத்திற் செவிலியின் கையிலிருந்து தவறி விழுந்ததனாற் கேரிக்கு ஒரு கால் ஊனமாயிற்று. உடன் பயின்ற சிறுவரின் ஏளனம் அவரை நூல்களின்பாற் செலுத்தியது. ஏறத்தாழப் பதினைந்து வயதில், ஒரு புத்தக வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

அக்காலத்து அயர்லாந்திலே கத்தோலிக்கர் பெரும்பான்மையினர். ஆயினும் பாராளுமன்றத்தில் அமரவோ, வாக்களிக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. கத்தோலிக்கரான கேரி, இச்சட்டங்களை உடனே நீக்க வேண்டுமென்று இளமையிலேயே ஒரு துண்டுப்பிரசுரம் எழுதினார். நூல் வெளிவருமுன், அதன் விளம்பரமே பெருங் கலக்கத்தை விளைத்தது. ஆட்சியாளர் சினந்தனர், இருந்த சலுகையும் போய்விடுமோ எனக் கத்தோலிக்கப் பிரமுகரும் அஞ்சினர். இளைஞர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாரிசுக்கு அண்மையில், அமெரிக்காவின் தூதராயிருந்த பென்ஜமின் பிராங்கிளினுடைய சிறிய அச்சகத்தில் வேலை பார்த்தார். இலபாயற் பிரபுவின் அறிமுகமும் அங்கே கிடைத்தது.

டப்ளினுக்கு மீண்ட கேரி, 1783இல் ‘தொண்டர் பத்திரிகை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகையை ஆரம்பித்தார். அதன் எழுத்துக்கள் பாராளுமன்றத்தையும் அமைச்சரையும் சுட்டெரித்தன. 1784இல் அவர் கைது செய்யப்பட்டு நியூகேற் சிறையில் அடைக்கப்பட்டார். பாராளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் விடுதலையானார் எனினும், அவதூறு வழக்கு ஒன்று காத்திருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் மாதம், பெண் வேடம் பூண்டு, ‘அமெரிக்கா’ என்னும் பெயருடைய கப்பலிலேறித் தாய்நாட்டை விட்டு நீங்கினார்.

நவம்பர் மாதம் பிலடெல்பியாவில் வந்திறங்கியவரிடம் பணமும் இல்லை; சுற்றமும் இல்லை. அவ்வேளை அமெரிக்காவுக்கு வந்திருந்த இலபாயற், அவருடைய கதையைக் கேட்டு நானூறு டொலர் அனுப்பிவைத்தார். அதனை முதலாகக் கொண்டு 1785 ஜனவரியில் கேரி ஒரு செய்திப் பத்திரிகை தொடங்கினார். அப்பத்திரிகைக்கு வாசகரைத் தேடிக் கொடுத்தது ஒரு புதுமை. பென்சில்வேனியாச் சட்டசபையில் நடந்த விவாதங்களைத் தாமே இருந்து குறிப்பெடுத்து, அவர் அச்சிட்டு வெளியிட்டார். தாம் தெரிந்தனுப்பிய பிரதிநிதி சபையிலே என்ன பேசினான் என்பதைக் குடிமக்கள் வீட்டிலிருந்தே அறிய முடிந்தது. மக்களாட்சிக்கு இதனினும் பயனுள்ள தொண்டு வேறென்ன?

ஆனால் அந்நாளைய பத்திரிகை உலகம் சாந்தமானதன்று. எதிர்க்கட்சிப் பத்திரிகாசிரியரான ஒசுவால்ட் என்பவரோடு மூண்ட சொற்போர், 1786இல் துப்பாக்கிப் போராக முடிந்தது. காலிற் குண்டு பாய்ந்து, கேரி ஓராண்டுக்கு மேல் துன்புற்றார். எழுத்தினாற் பிறரைப் புண்படுத்தியவர், அந்த எழுத்தின் விலையைத் தம் உடம்பிலே சுமக்க நேர்ந்தது.

1787 ஜனவரியில் அவர் ‘அமெரிக்கப் பொருட்காட்சி’ என்று பொருள்படும் மாத சஞ்சிகையை ஆரம்பித்தார். பல இராச்சியங்களின் பத்திரிகைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் வெளிவந்து மறைந்துபோகக் கூடிய கட்டுரைகளைத் திரட்டி ஓரிடத்தில் நிலைபெறச் செய்வதே அதன் நோக்கம். அதே ஆண்டிற்றான் புதிய அரசியல் யாப்பு பிலடெல்பியாவில் வரையப்பட்டது. அதனை ஏற்பதா மறுப்பதா என்ற பெருவிவாதம் நாடெங்கும் எழுந்தபோது, அந்த விவாதத்தின் எழுத்துக்களை இராச்சியந்தோறும் எடுத்துச் சென்றவற்றுள் இச்சஞ்சிகையும் ஒன்று. மக்களின் சுதந்திரத்தைக் காக்கவும் அறிவைப் பரப்பவும் இத்தகைய சஞ்சிகைகள் பெரிதும் உதவும் என்று ஜோர்ஜ் வாஷிங்ரன் 1788இல் கேரிக்கு எழுதிய கடிதத்திற் பாராட்டினார். புகழ் வந்தது, பொருள் வரவில்லை. சந்தாக்காரர் தொலைவில் இருந்தனர், பணம் தாமதித்தது. 1792ஆம் ஆண்டின் தபாற் சட்டம் செய்திப் பத்திரிகைகளுக்குக் குறைந்த கட்டணம் விதித்து, சஞ்சிகைகளுக்கு அச்சலுகையைக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு முடிவிலே சஞ்சிகை நின்றது.

அதன்பின் கேரியின் முயற்சி நூல் வெளியீட்டில் முனைந்தது. 1790இலேயே அவர் கத்தோலிக்கரின் டூவே வேதாகமத்தை அமெரிக்காவில் முதன்முதலாக அச்சிட்டிருந்தார். 1795இல் அவர் வெளியிட்ட தேசப்படப் புத்தகம், அமெரிக்காவிலே வெளியான முதல் அமெரிக்கத் தேசப்படத் தொகுதியாகும். பிற்காலத்திற் புரட்டஸ்தாந்த வேதாகமத்தை அச்சிட்டபோது அவர் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. ஈய எழுத்து விலையுயர்ந்த பொருளாதலால், சில பக்கங்களை அச்சிட்டதும் எழுத்துக்களைக் கலைத்து அடுத்த பக்கங்களுக்குப் பயன்படுத்துவதே அக்கால வழக்கம். கேரியோ, வேதாகமம் முழுவதற்கும் வேண்டிய எழுத்தை வாங்கி, கோத்தது கோத்தபடியே வைத்துக்கொண்டார். வேண்டியபோது வேண்டிய அளவு அச்சிட முடிந்தது. மீண்டும் எழுத்துக் கோக்கும் கூலியும் மிஞ்சியது.

அச்சிட்ட நூலை வாசகன் கையிற் சேர்ப்பது எப்படி? அதற்கு மேசன் வீம்சு என்னும் போதகர் அவருக்குக் கிடைத்தார். வீம்சு புத்தகங்களை வண்டியில் ஏற்றித் தென்னாடுகளின் கிராமங்களிலும் சந்தைகளிலும் விற்றுத் திரிந்தார். எந்த ஊரில் எந்த நூல் விலைப்படும் என்பதை நேரிலே கண்டு, பொருந்தாத நூல்களை அனுப்புவதாகக் கேரியோடு ஓயாது சண்டையிட்டும் வந்தார். சிறுவன் வாஷிங்ரன் செர்ரி மரத்தை வெட்டிய கதையை உலகத்துக்குச் சொன்னவரும் இந்த வீம்சு தான். வெவ்வேறு நகரங்களின் புத்தக வியாபாரிகள் ஒன்றுகூடி நூல்களைப் பரிமாறிக்கொள்ள, 1802இல் நியூயோர்க்கில் ஒரு புத்தகச் சந்தை கூடியது. ஜேர்மனியச் சந்தைகளைப் பின்பற்றி எழுந்த அம்முயற்சிக்கும் கேரியே தூண்டுகோல்.

இத்தனை சிறப்புக்கும் இடையே ஒரு கறையையும் மறைத்தல் ஆகாது. 1793இல் மஞ்சட் காய்ச்சல் பிலடெல்பியாவைச் சூறையாடியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாண்டனர். செல்வர் பலர் ஓடிப்போகக் கேரி நகரத்து நிவாரணக் குழுவிற் பணிசெய்தார். அக்கொள்ளைநோயைப் பற்றி உடனே ஒரு நூலும் எழுதினார். அது விரைவிற் பல பதிப்புக்கள் கண்டது. ஆனால் நோயாளரைப் பேணிய கறுப்பின மக்களுள் இழிந்தோர் சிலர் அதிகப் பணம் பறித்தனர், திருடினர் என்று அதில் எழுதியிருந்தார். அந்த மக்களின் தலைவர்களான அப்சலம் ஜோன்சும் றிச்சார்ட் அலனும் 1794இல் மறுப்பு நூல் ஒன்றை அச்சிட்டனர். தம்மவர் எத்தனைபேர் உயிரைக் கொடுத்துப் பணிசெய்தனர் என்பதை அவர்கள் அதில் எடுத்துக்காட்டினர். டப்ளினில் ஒடுக்கப்பட்டோருக்காக எழுதிய பேனா, பிலடெல்பியாவில் மற்றோர் ஒடுக்கப்பட்ட சமூகத்துக்குத் தீங்கிழைத்தது. அதற்கு விடை அளித்ததும் அச்செழுத்தே.

அரசியலிற் கேரி ஜெபர்சனின் கட்சியைச் சார்ந்தவர். ஆயினும் கட்சிக்கு அடிமைப்பட்டவர் அல்லர். 1811இல் தேசிய வங்கியின் உரிமைப் பத்திரத்தைப் புதுப்பிக்கலாகாது என்று அவருடைய கட்சியினர் பலர் நின்றபோது, புதுப்பிக்கவே வேண்டும் என்று வாதாடினார். அவர் தோற்றார். மறு ஆண்டே பிரித்தானியாவோடு போர் மூண்டது. அரசாங்கம் கடன் பெறத் தடுமாறியது. 1814இல் தலைநகர் தீக்கிரையாயிற்று. நியூ இங்கிலாந்து இராச்சியங்கள் பிரிந்து போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. அவ்வாண்டு நவம்பரிற் கேரி ‘ஒலிவக் கிளை’ என்னும் நூலை வெளியிட்டார். இரு கட்சிகளிலும் குற்றம் உண்டு என்பதே அதன் சாரம். தம் கட்சியின் தவறுகளையும் எண்ணியெண்ணி எழுதினார். நாலாண்டுகளுக்குள் அந்நூல் பத்துப் பதிப்புக்கள் கண்டது. ஒரு காலத்திற் பத்திரிகைச் சண்டையிற் குண்டடி பட்டவர், இப்போது சமாதானத்தின் கிளையை நீட்டினார்.

முதுமையில் தொழிலை மகனிடமும் மருமகனிடமும் விட்டுவிட்டு, உள்நாட்டுக் கைத்தொழிலைக் காக்கும் இறக்குமதித் தீர்வைக்காக அவர் இடைவிடாது எழுதினார். மகன் ஹென்றி கேரி அக்கொள்கையிற் பெரும் பொருளியலறிஞராக விளங்கினார். எனினும் தந்தையின் கடைசிக்கால எழுத்துக்களுள் மனத்தை உருக்குவன, தையற் பெண்களைப் பற்றியவை. இரவும் பகலும் தைத்தும் வயிறு நிரம்பாத அப்பெண்களின் கூலியைக் கணக்கிட்டு, வாடகை இவ்வளவு, விறகு இவ்வளவு, உணவுக்கு எஞ்சுவது இவ்வளவு என்று செல்வர் முன்னே வைத்தார். வறுமை சோம்பலின் விளைவே என்று கூறியோருக்கு, உழைத்தும் வாழ முடியாதோர் உண்டு என்பதை அந்தக் கணக்கு மறுக்க முடியாதபடி காட்டியது.

1839 செப்டெம்பரில் கேரி பிலடெல்பியாவிலேயே காலமானார்.  அவர் படையை நடத்தியதில்லை. அவருடைய படைக்கலம் ஈய எழுத்துக்களே. அவை பெட்டியிற் கிடக்கும்போது நன்மையும் அறியா, தீமையும் அறியா. கோப்பவனின் நெஞ்சு எப்படியோ, அப்படியே அவை பேசும். இதனைத் தம் வெற்றியாலும் தவறாலும் ஒருங்கே காட்டிச் சென்றவர் மத்தேயு கேரி.